இலண்டன் மாநகரில் தனித்து வாழ்வதன் செலவு: ஒரு வரலாற்றுப் பார்வை

ஒரு வீட்டில் இருவர் சேர்ந்து வாழ ஆகும் செலவில் சரிபாதி இருந்தால் ஒருவர் தனியாக வாழ்ந்துவிடலாம் என்று தோன்றும். நடைமுறையில் அப்படி இல்லை. சோற்றின் அளவு ஆளுக்கு ஏற்பக் குறையும். கூரை, அடுப்பு, விளக்கு ஆகியவற்றின் செலவு அப்படிக் குறைவதில்லை. குடும்பத்தில் பலர் பங்கிட்டுக்கொள்ளும் இந்தச் செலவு முழுவதும் தனியாள் ஒருவரின் தலையில் விழுகிறது.

வேலை தேடி வந்த தனியாட்கள் பெருந்திரளாகக் குவிந்த முதல் நவீன மாநகரங்களுள் ஒன்று இலண்டன். 1801இல் ஏறத்தாழ பத்து இலட்சமாக இருந்த அதன் மக்கள்தொகை, 1901இல் புறநகர்ப் பகுதிகளையும் சேர்த்து அறுபது இலட்சத்தைத் தாண்டியது. எழுத்தர்கள், கடைச் சிப்பந்திகள், துறைமுகக் கூலிகள், ஆசிரியைகள், மாணவர்கள் எனப் பலர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு அங்கு வந்தனர். அவர்களின் வாடகை, உணவு, எரிபொருள் பற்றிய கணக்குகள் அந்நகரின் சமூக வரலாற்றில் முக்கியமான பகுதியாகும்.

இக்கட்டுரையில் வரும் நாணயக் கணக்கு 1971க்கு முற்பட்ட பிரித்தானிய முறையைச் சார்ந்தது. அம்முறையில் ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பவுண்டு 15 இந்திய ரூபாய்க்குச் சமமாக இருந்தது.

ரௌன்ட்ரீயின் கணக்கு

தனியாளின் செலவைத் தெளிவான எண்களில் முதலில் காட்டியவர்களுள் ஒருவர் சீபோம் ரௌன்ட்ரீ. சாக்லேட் தொழில் நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த இவர், சார்லஸ் பூத் இலண்டனில் நடத்திய வறுமை ஆய்வைப் பார்த்து, தம் ஊரான யார்க் நகரில் 1899இல் வீடு வீடாகத் தகவல் திரட்டினார். அதன் முடிவுகள் 1901இல் 'வறுமை: நகர வாழ்வு பற்றிய ஓர் ஆய்வு' என்ற நூலாக வெளிவந்தன. உடலில் உயிரும் உழைக்கும் திறனும் நிலைக்க வாரத்துக்குக் குறைந்தது எவ்வளவு தேவை என்று அந்நூல் கணக்கிட்டது.

அதன்படி தனியாள் ஒருவருக்கு வாரத்துக்கு 7 ஷில்லிங் தேவை. இதில் உணவுக்கு 3 ஷில்லிங், வாடகைக்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், உடை, எரிபொருள் முதலிய மற்றவற்றுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து 11 ஷில்லிங் 8 பென்ஸ் போதும். அதாவது இருவருக்கு ஆகும் செலவில் பாதி தனியாளுக்குப் போதவில்லை. ஐந்தில் மூன்று பங்கு, சரியாக 60 விழுக்காடு, தேவைப்பட்டது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உணவு அன்று. உணவுக்கு ஒருவருக்கு 3 ஷில்லிங், இருவருக்கு 6 ஷில்லிங் என்று சரியாக இரட்டித்தே ரௌன்ட்ரீ எழுதினார். உடைக்கும் ஆளுக்கு 6 பென்ஸ் என்று ஒரே அளவுதான். மாறாமல் நின்றது எரிபொருள். தனியாளானாலும், தம்பதியானாலும், மூன்று குழந்தைகளுடைய ஐவர் குடும்பமானாலும் வாரத்துக்கு 1 ஷில்லிங் 10 பென்ஸ் என்றே அவர் வைத்தார். ஒரு கணப்பில் எரியும் நிலக்கரி அதைச் சுற்றி எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. இதனால் தனியாளின் மொத்தச் செலவில் கால் பங்குக்கு மேல் எரிபொருளுக்கே போயிற்று. ஐவர் குடும்பத்திலோ அது தலைக்கு நான்கரைப் பென்ஸுக்கும் குறைவு.

யார்க்கைவிட வாடகை மிகுந்த இலண்டனில் இந்தச் சுமை இன்னும் கனத்தது. அங்குத் தனியாட்களுக்காக ஒன்றரை நூற்றாண்டில் உருவான ஏற்பாடுகள் பலவற்றையும், ஒரு கூரையையும் ஓர் அடுப்பையும் பலர் பங்கிட்டுக்கொள்ளும் வழிகளாகவே பார்க்கலாம். அந்தப் பங்கீட்டுக்குக் காசோடு வேறு சில விலைகளையும் தனியாட்கள் கொடுக்க வேண்டியிருந்தது.

பொதுத் தங்கும் விடுதிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டனின் ஏழைத் தனியாட்களுக்குக் கிடைத்த மலிவான இடம் பொதுத் தங்கும் விடுதி. ஒரே கூடத்தில் வரிசையாகப் படுக்கைகள். ஓர் இரவுக்கு ஏறக்குறைய 4 பென்ஸ். கீழே பொதுச் சமையலறை. அங்கு எந்நேரமும் எரியும் ஒரே நெருப்பில் தங்கியிருப்போர் அனைவரும் தேநீர் வைப்பார்கள், மீன் சுடுவார்கள். அடுப்புக் கரியின் செலவு பல தலைகளுக்குப் பங்காகிவிடுவதால் அந்த விலைக்கு இடம் கொடுக்க முடிந்தது. நெரிசலும் தொற்றுநோயும் அங்கு அதிகம். 1851ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விடுதிகளைப் பதிவு செய்யவும், அதிகாரிகள் அவற்றில் நுழைந்து சோதிக்கவும் வழிசெய்தது.

இதற்கு மாற்றாக எழுந்தவை ரௌட்டன் விடுதிகள். பிரதமராக இருந்த டிஸ்ரேலியின் அந்தரங்கச் செயலர் மாண்டகு காரி, பின்னாளில் ரௌட்டன் பிரபு ஆனவர். அவர் தம் சொந்தப் பணம் 30,000 பவுண்டைச் செலவிட்டு 1892இன் இறுதியில் வாக்ஸால் பகுதியில் முதல் விடுதியைத் திறந்தார். ஓர் இரவுக்கு 6 பென்ஸ். அதற்கு ஒவ்வொருவருக்கும் தடுப்பு வைத்த சிறு அறை, சுத்தமான விரிப்பு, வெந்நீர், உணவுக்கூடம், படிப்பறை ஆகியவை கிடைத்தன. இது தருமச் சத்திரமாக நடத்தப்படவில்லை. முதலுக்கு இலாபம் தரும் தொழிலாகவே நடந்தது. தொடர்ந்து கிங்ஸ் கிராஸ், நியூவிங்டன் பட்ஸ், ஹாமர்ஸ்மித், ஒயிட்சேப்பல் ஆகிய இடங்களிலும், 1905இல் கேம்டன் டவுனிலும் விடுதிகள் எழுந்தன.

எனினும் இங்குத் தங்கியவருக்கு அறை இரவில் மட்டுமே சொந்தம். பகலில் படுக்கை அறைகள் பூட்டப்பட்டன.  1933இல் தம் வறுமை அனுபவங்களை நூலாக எழுதிய ஜார்ஜ் ஆர்வெல், இலண்டனின் மலிவு விடுதிகளில் சிறந்தவை ரௌட்டன் விடுதிகளே என்று குறித்தார். அங்கிருந்த கடுமையான கட்டுப்பாடுகளைக் குறையாகச் சொன்னார். அப்போது ஓர் இரவுக் கட்டணம் ஒரு ஷில்லிங்காக உயர்ந்திருந்தது.

ஒரு மாணவரின் கணக்கேடு

நடுத்தர வகுப்புத் தனியாட்கள் குடும்பங்களுடன் உணவு உறைவிடக் கட்டணம் செலுத்தித் தங்குவது வழக்கம். இம்முறையின் மறைமுகச் செலவுகளை விளக்கமாகப் பதிவு செய்தவர் காந்தி. 1888 முதல் 1891 வரை சட்டம் பயில இலண்டனில் இருந்த அவர், பேருந்துக் கட்டணம், தபால் தலை, செய்தித்தாள் வரை ஒவ்வொரு காசையும் எழுதி, இரவு படுக்கும் முன் இருப்பைச் சரிபார்த்ததாகச் 'சத்திய சோதனை'யில் கூறுகிறார்.

குடும்பத்துடன் தங்கியபோது, வெளியில் சாப்பிட்ட நாட்களுக்கும் சேர்த்து வாரக் கட்டணத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. அக்குடும்பத்தாரை அவ்வப்போது விருந்துக்கு அழைத்துச் செல்லும் மரியாதைச் செலவும் சேர்ந்தது. எனவே அவர் தனியே அறைகள் எடுத்துக்கொண்டார். வேலை செய்யும் இடத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் அறை பார்த்ததால் வண்டிச் செலவு மிஞ்சியது. நாளொன்றுக்கு எட்டு, பத்து மைல் நடையும் கிடைத்தது. பின்னர் இரண்டு அறைகளை விட்டு ஒரே அறைக்கு மாறினார். ஓர் அடுப்பு வாங்கி, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும் தாமே செய்துகொண்டார். இரவுக்கு ரொட்டியும் கோக்கோவும் போதும். நண்பகல் உணவு மட்டும் வெளியில். இப்படி ஒரு நாளை 1 ஷில்லிங் 3 பென்ஸில் கழிக்க முடிந்தது.

தம்மைவிட எளிமையாக வாழ்ந்த ஓர் ஏழை மாணவரையும் அவர் குறிப்பிடுகிறார். அம்மாணவர் சேரிப்பகுதியில் வாரம் 2 ஷில்லிங் வாடகைக்கு ஓர் அறையில் இருந்தார். லாக்ஹார்ட் கோக்கோக் கடைகளில் வேளைக்கு 2 பென்ஸுக்குக் கோக்கோவும் ரொட்டியும் சாப்பிட்டார். இத்தகைய கடைகள் தனியாட்களின் பொது அடுப்பாக விளங்கின. ஏரேட்டட் பிரெட் கம்பெனி 1864இல் தேநீர்க் கடை தொடங்கியது. லயன்ஸ் நிறுவனம் 1894இல் பிக்காடில்லியில் தன் முதல் கடையைத் திறந்தது. பெண்கள் துணையின்றி உட்கார்ந்து சாப்பிட மதிப்பான இடமாகவும் இக்கடைகள் பயன்பட்டன.

பெண்களின் நிலை

ரௌட்டன் விடுதிகள் ஆண்களுக்கு மட்டுமே. தனியாக வாழும் பெண்ணுக்கு வாடகையும் கரியும் ஆணுக்கு ஆன அதே விலைதான். சம்பளம் அதே அளவில் இல்லை.

பெரிய துணிக்கடைகளில் வேலை செய்தவர்கள் கடையின் மேல்மாடியிலோ அருகிலோ முதலாளி நடத்திய கூட்டுப் படுக்கையறைகளில் தங்க வேண்டும் என்ற முறை இருந்தது. உணவும் இடமும் சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கணக்கிடப்பட்டன. சிறு தவறுகளுக்கும் அபராதம் உண்டு. வேலை போனால் அன்றே படுக்கையும் போயிற்று. இம்முறையை நேரில் அனுபவித்தவர் மார்கரெட் பாண்ட்ஃபீல்ட். 1890களில் பல கடைகளில் வேலைக்குச் சேர்ந்து அங்குள்ள நிலையை விசாரித்து வெளிப்படுத்தினார். பின்னாளில், 1929இல், பிரித்தானிய அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் ஆனார்.

ஆசிரியைகளின் நிலை இன்னொரு வகை. முதல் உலகப்போருக்குப் பின் வகுக்கப்பட்ட பர்னாம் ஊதிய விகிதம், ஆசிரியர் பெற்றதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை ஆசிரியைக்கு வைத்தது. ஆண் குடும்பத்தைக் காப்பவன், பெண் தன் ஒரு வயிற்றைப் பார்த்தால் போதும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். ஆனால் திருமணமாகாத ஆணும் முழு ஊதியம் பெற்றான். தாயையோ தங்கையையோ காத்த பெண்ணும் குறைந்த ஊதியமே பெற்றாள். அத்துடன் திருமணம் செய்துகொண்டால் பெண் வேலையை விட வேண்டும் என்ற விதியும் இருந்தது. இலண்டன் மாவட்ட மன்றம் ஆசிரியைகளுக்கான இந்த விதியை 1935இல் நீக்கியது; அரசுப் பணியில் அது 1946 வரை நீடித்தது. இவ்வேலைகளில் நிலைக்க விரும்பிய பெண் திருமணமின்றி இருக்க வேண்டும். அப்படித் தனியாக வாழ்வதற்கு வேண்டிய ஊதியமும் அவளுக்கு முழுமையாகக் கிடைக்காது. அரசுப் பணியிலும் ஆசிரியப் பணியிலும் சம ஊதியம் 1955 முதல் 1961க்குள் படிப்படியாக வந்தது.

பெண் எழுதுவதற்குத் தனியறையும் ஆண்டுக்கு 500 பவுண்டு வருமானமும் வேண்டும் என்று வர்ஜீனியா உல்ஃப் 1929இல் வாதிட்டது இந்தப் பின்னணியில்தான். அன்றைய ஆசிரியைகளில் பெரும்பாலோருக்கு அது எட்டாத தொகை.

ஒற்றை அறையும் காசு மீட்டரும்

இருபதாம் நூற்றாண்டில் தனியாட்களின் முக்கிய உறைவிடமாக ஆனது 'பெட்சிட்' எனப்பட்ட ஒற்றை அறை. விக்டோரியா காலத்துச் செல்வர்கள் பணியாட்களுடன் வாழ்ந்த பெரிய வீடுகள், பணியாட்கள் கிடைக்காத காலத்தில் கூறுபோடப்பட்டு அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டன. ஏர்ல்ஸ் கோர்ட், பேஸ்வாட்டர், நாட்டிங் ஹில் ஆகியவை இதற்குப் பெயர் பெற்றவை. ஒரு கட்டில், ஒரு மேசை, மூலையில் எரிவாயு வளையம். மாடிப்படியின் ஓரத்தில் எல்லாருக்கும் பொதுவான குளியலறை. நம்மூர் ஒண்டுக்குடித்தனத்தைப் போன்றதே இது. குடித்தனங்களுக்குப் பதிலாகத் தனியாட்கள் இருந்தனர்.

இந்த அறைகளின் அடையாளம் காசு போடும் எரிவாயு மீட்டர். 1890களில் பரவிய இக்கருவியில் ஒரு பென்னியைப் போட்டால் அந்த அளவுக்கு வாயு வரும். தீர்ந்ததும் சுடர் அணையும். முன்பணம் கட்ட இயலாத ஏழைகளுக்கு அடுப்பு வசதி வந்தது இதனால்தான். அதே சமயம், மாதக் கணக்கில் வாங்குபவரைவிடச் சில்லறையாக வாங்குபவர் கூடுதல் விலை கொடுத்தார். வீட்டு உரிமையாளரே மீட்டரை அமைத்த வீடுகளில், தாம் கொடுக்கும் விலைக்கு மேல் வைத்து வாடகைக்காரரிடம் வாங்குவதும் நடந்தது. பிற்காலத்தில் இந்த மறுவிற்பனைக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது.

துணி துவைப்பதும் ஒரு சிக்கல். அறைக்குள் துவைக்கவும் உலர்த்தவும் இடமில்லை. 1949இல் பேஸ்வாட்டரின் குவீன்ஸ்வே தெருவில் பிரித்தானியாவின் முதல் காசு போடும் சலவையகம் திறக்கப்பட்டது. ஒற்றை அறைகள் நிறைந்த பகுதியில் அது தொடங்கியது பொருத்தமே.

சட்டப் பாதுகாப்பிலும் தனியாள் பின்தங்கினார். 1915இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், தட்டுமுட்டுச் சாமான்களுடன் விடப்படும் வீடுகளுக்குப் பொருந்தவில்லை. ஒற்றை அறைகள் பெரும்பாலும் கட்டிலும் நாற்காலியும் போட்டே விடப்பட்டன. ஆகவே குடும்பங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு அறைவாசிகளுக்குக் கிடைக்கவில்லை. 1974ஆம் ஆண்டுச் சட்டமே இந்த வேறுபாட்டைப் பெருமளவு நீக்கியது. அதிலும் உரிமையாளர் அதே வீட்டில் குடியிருந்தால் விலக்கு உண்டு.

நிறத்தடை

வெளிநாட்டிலிருந்து வந்த தனியாட்களுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. இந்திய மாணவர்களுக்கு அறை மறுக்கப்படுவது வழக்கமாக இருந்த காலத்தில், சியாம்ஜி கிருஷ்ண வர்மா 1905இல் ஹைகேட் பகுதியில் 'இந்தியா ஹவுஸ்' என்ற மாணவர் விடுதியை நிறுவினார். பாரிஸ்டர் படிப்புக்காக வந்த வ. வே. சு. ஐயரும் அங்குத் தங்கினார். மலிவான தங்குமிடமாகத் தொடங்கிய அவ்வில்லம் விடுதலை இயக்கத்தின் மையமாயிற்று.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் மேற்கிந்தியத் தீவுகள், தெற்காசியா, ஆப்பிரிக்கா ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்கள், கருப்பினத்தவருக்கு இடமில்லை என்று எழுதிய அட்டைகளைப் பார்த்தனர். இடம் கொடுத்தவர்களில் பலர் மிகுந்த வாடகை வாங்கினர். 1965இல் வந்த இன உறவுச் சட்டம் வீட்டு வாடகையைத் தொடவில்லை. 1968ஆம் ஆண்டுச் சட்டமே வீடு மறுப்பதைத் தடை செய்தது. உரிமையாளரும் உடன் வாழும் சிறிய வீடுகளுக்கு அச்சட்டம் விலக்கு அளித்தது. தனியாட்கள் அறை தேடிச் சென்றவற்றுள் அத்தகைய வீடுகள் பல.

அரசின் கணக்கு

ரௌன்ட்ரீ கண்ட விகிதம் பின்னர் அரசுத் திட்டங்களிலும் தொடர்ந்தது. 1942இல் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கை, வேலையில்லாத தம்பதிக்கு வாரம் 40 ஷில்லிங்கும் தனியாளுக்கு 24 ஷில்லிங்கும் பரிந்துரைத்தது. இதுவும் சரியாக 60 விழுக்காடே. 1946இல் சட்டமானபோது அது 42 ஷில்லிங், 26 ஷில்லிங் என ஆயிற்று. ஊருக்கு ஊர் வாடகை மாறும்போது நாடெங்கும் ஒரே தொகை எப்படிப் பொருந்தும் என்ற கேள்வியை பெவரிட்ஜ் எழுப்பினாலும் அவரால் தீர்க்க முடியவில்லை. இலண்டனின் அறைவாசிகளை அது நேரடியாகப் பாதித்தது.

வரியிலும் இதே சிக்கல் எழுந்தது. பழைய உள்ளாட்சி வரி வீட்டின் மதிப்பை வைத்து விதிக்கப்பட்டது. தனியே வாழும் விதவையும், நான்கு பேர் சம்பாதிக்கும் பக்கத்து வீட்டாரும் ஒரே வரி கட்டினர். இந்த ஒப்பீட்டை முன்வைத்து மார்கரெட் தாட்சர் அரசு தலைவரியைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் அது 1990இல் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்கு வரி என்பது ஆளுக்கு வரி என மாறியதும் ஏழைப் பெரிய குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. 1990 மார்ச் 31 அன்று இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் பெரும் கலவரம் மூண்டது. 1993இல் வந்த மன்ற வரி மீண்டும் வீட்டை அடிப்படையாக்கியது. வயது வந்தவர் ஒருவரே வாழும் வீட்டுக்கு 25 விழுக்காடு தள்ளுபடி அளித்தது. பாதி அன்று, கால் பங்குதான் தள்ளுபடி.

வாடகை உதவியில் போக்கு வேறு. 1996 முதல் 25 வயதுக்குட்பட்ட தனியாட்களுக்கு, தனி வீட்டுக்கான தொகைக்குப் பதிலாகப் பகிர்ந்த வீட்டில் ஓர் அறைக்கான தொகையே கணக்கிடப்பட்டது. 2012இல் இந்த வயது வரம்பு 35 ஆக உயர்த்தப்பட்டது. சில விலக்குகள் நீங்கலாக, 35 வயதாகும் வரை ஏழைத் தனியாள் பிறருடன் அடுப்பைப் பகிர வேண்டும் என்பதே இதன் பொருள்.

இன்றைய நிலை

பிரித்தானியாவில் 1971இல் 18 விழுக்காடாக இருந்த தனிநபர் இல்லங்கள் இன்று ஏறக்குறைய 30 விழுக்காடாக உள்ளன. பெரிய வீட்டில் ஓர் அறை எடுத்து, அறிமுகமில்லாதவர்களுடன் சமையலறையைப் பங்கிட்டு வாழ்வது இலண்டனில் இன்றும் பரவலாக உள்ளது. ஐரோப்பியப் புள்ளியியலில் பயன்படும் அளவுகோல், முதல் ஆளுக்கு 1 என்றும் உடன் வாழும் இரண்டாம் ஆளுக்கு 0.5 என்றும் கணக்கிடுகிறது. இதன்படி தம்பதியின் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தனியாளுக்குத் தேவை.

மின்சார, எரிவாயு ரசீதுகளில் பயன்பாட்டுக்கு அப்பால் நாள்தோறும் ஒரு நிலைக்கட்டணம் சேர்கிறது. ஒருவர் வாழும் வீட்டுக்கும் ஐவர் வாழும் வீட்டுக்கும் அது ஒரே தொகை. 1901இல் ரௌன்ட்ரீ எழுதிய 1 ஷில்லிங் 10 பென்ஸ் எரிபொருள் கணக்கு வேறு வடிவில் தொடர்ந்து வருவதை இதில் காணலாம்.